எஞ்சின் தூக்க ஆள் வராத காலை

எஞ்சின் இருமும் சத்தத்தைப் போனில் பதிவு செய்து வட்ஸ்அப்பில் எனக்கு அனுப்புகிறீர்கள். கீழே, "ஐயா, என்ன பழுது?" என்று ஒரு கேள்வி. நான் என்ன சோதிடனா? சத்தத்தை மட்டும் வைத்துப் பழுது சொல்பவன் மெக்கானிக் இல்லை, குறி சொல்பவன். அந்த எஞ்சின் யாருடைய படகில் இருக்கிறது, அந்த ஆள் எப்படிப்பட்டவர், கடைசியாக அதில் எப்போது கை வைத்தார் என்று உங்களில் ஒருவரும் எழுதுவதில்லை. அந்தக் கோபத்தில்தான் இதைச் சொல்ல உட்கார்ந்தேன். ஓய்வெடுத்தவன் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும் என்று என் மனைவி சொல்கிறாள். வாயும் ஓய்வெடுத்துவிட்டால் பிறகு மனுசன் எதற்கு?

நான் மன்னார்ப் பேசாலையில் பிறந்தவன். சண்டைக் காலத்தில் ஊரை விட்டுப் போய், தெற்கே காலித் துறைமுகத்தில் வந்து நிற்கும் பாய்ப்படகுகளின் எஞ்சின்களில் வேலை பழகினேன். என்னை வேலைக்கு எடுத்தவர் ஒரு சிங்களவர். அவர் எந்தப் படகில் ஏறினாலும், சாவியும் குறடும் கிடக்கும் ஆயுதப் பெட்டியை உடனே திறக்க மாட்டார். முதலில் உட்காருவார். தருகிற தேத்தண்ணியைக் குடிப்பார். எங்கேயிருந்து வருகிறீர்கள், வழியில் காற்று எப்படி, மனைவிக்குக் கடல் ஒத்துக்கொள்கிறதா என்று ஊர்க்கதை கேட்பார். வேலைக்கள்ளன் என்று நான் உள்ளுக்குள் திட்டுவேன். எஞ்சினுக்கு வாய் இல்லை, வாய் உள்ள ஆளிடம் முதலில் கேள் என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்வார். அது ஒரு காதால் போய் மற்றக் காதால் வந்தது.

பாய்ப்படகில் தேசம் தேசமாகத் திரிகிறவர்களை முதலில் எனக்கு விளங்கவில்லை. எங்கள் ஆட்கள் கடலுக்குப் போவது வயிற்றுக்காக. இவர்கள் வீட்டை விற்றுப் படகு வாங்கி, அதில் கிடந்து வாந்தி எடுத்து, கையெல்லாம் உப்பில் வெடித்து, மாதக்கணக்கில் பேரீச்சம்பழமும் தகரமீனும் சாப்பிடுகிறார்கள். கரைக்கு வந்ததும் ஒரு தக்காளிப்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு சிரிப்பார்கள். கடலில் எதை ரசித்தீர்கள் என்று கேட்டால், ஒன்றும் நடக்காத நாட்களை என்பார்கள். போகப் போக அந்தச் சந்தோசம் எனக்குப் பிடிபட்டது. ஆனால் நான் இப்போது சொல்லப்போகிற கதையில் சந்தோசம் குறைவு.

ஊர் திரும்பி, மன்னாரில் வள்ளங்களின் எஞ்சின்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். வாடைக்காற்று ஓய்ந்து, தெற்கிலிருந்து வரும் சோளகம் இன்னும் எழும்பாத ஒரு இடைக்காலம். காற்றே இல்லை. தீவின் தெற்குக் கரையில் சூசையண்ணன் என்று ஒரு சம்மாட்டி இருந்தார், சொந்தமாக வள்ளங்கள் வைத்துத் தொழில் நடத்துகிறவர். அவருடைய ஆட்கள் வெளிக்கடலில் ஒரு பாய்ப்படகு பாய் தொங்கிய நிலையில் மிதப்பதைக் கண்டு இழுத்துவந்தார்கள். உள்ளே ஒரு வெள்ளைக்காரப் பெரியவரும் அவருடைய மனைவியும். கொச்சியிலிருந்து காலிக்குப் போகும் வழியில் எஞ்சின் நின்றுவிட்டது, காற்றும் நின்றுவிட்டது. நேவிக்காரர் வந்து பாஸ்போட்டைப் பார்த்து, பழுது திருத்தும்வரை நிற்கலாம் என்று சொல்லிப் போனார்கள். சூசையண்ணன் எனக்கு அழைப்பெடுத்தார்.

பெரியவர் நல்ல உயரம். கண்ணில் பிள்ளைச் சிரிப்பு. என்னைக் கண்டதும் கையைப் பிடித்து இழுத்து எஞ்சினைக் காட்டினார். அந்த அம்மா தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தார். நான் அதை ஓரமாக வைத்துவிட்டு வேலையில் இறங்கினேன். வடிகட்டியைக் கழற்றினேன், குழாயைக் கழற்றினேன், பம்பைக் கழற்றினேன். டீசல் ஒரு சொட்டு வரவில்லை. வெக்கையில் வேர்த்து ஊற்றிப் பாதி நாள் போனபின், டீசல் தாங்கிக்குப் பின்னால் கையை விட்டுத் தடவினால், டீசலை அடைக்கிற திருகி இறுக்கி மூடிக் கிடந்தது. அதைத் திறந்து, எல்லாவற்றையும் திரும்பப் பூட்டி, சாவியைத் திருப்பினேன். ஒரே சுற்றில் எஞ்சின் பேசியது.

பெரியவர் கைதட்டினார். என்ன பழுது என்று கேட்டார். நான் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் ஓரத்தில் ஆறிப்போயிருந்த தேத்தண்ணி என் கண்ணில் பட்டது. முதலே அதைக் குடித்துக்கொண்டு அந்த அம்மாவுடன் கதைத்திருந்தால், எஞ்சினில் கை வைக்கத் தேவையே இருந்திருக்காது.

கரைக்கு வந்தபின் அந்த அம்மா எல்லாவற்றையும் சொன்னார். திருகியை மூடியது அவருடைய கணவர். இது முதல் தடவையும் இல்லை. அந்தப் படகின் ஒவ்வொரு ஆணியும் மனப்பாடமாக இருந்த மனிதருக்கு, இப்போது காலையில் செய்தது மத்தியானம் நினைவில்லை. தூரப் பயணத்தில் இரண்டே பேர் என்றால், ஒருவர் சுக்கான் பிடிக்க மற்றவர் தூங்குவார். முறை முடிந்ததும் தூங்குகிறவரை எழுப்பி, ஒரு குவளை தேத்தண்ணியைக் கையில் கொடுத்து, எந்தத் திசை, என்ன காற்று, கண்ணில் பட்ட கப்பல் ஏதும் உண்டா என்று சொல்லிவிட்டு மற்றவர் படுக்கப் போவார். இத்தனை வருட வாழ்க்கையில் தங்களுடைய அன்பெல்லாம் அந்தக் குவளை கைமாறுகிற நேரத்தில்தான் இருந்தது என்றார் அந்த அம்மா. இந்தப் பயணத்தில் பெரியவர் அவரை எழுப்ப மறந்துவிட்டார். அவர் தானாக விழித்து மேலே வந்தபோது, ஒரு கப்பல் மிகக் கிட்டக் கடந்து போய்க்கொண்டிருந்தது. பெரியவர் அதற்குக் கை அசைத்துக்கொண்டிருந்தாராம்.

மகள் வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்தாள். அவள் வரும்வரை பெரியவரை இங்கேயே நிறுத்தி வைக்க வேண்டும். எஞ்சின் ஓடுகிறது, விட்டால் நாளைக்கே நங்கூரம் தூக்குவார். உண்மையை அவரிடம் சொல்லக்கூடாதா என்று கேட்டேன்.

"சொன்னேன். சொன்ன அன்றைக்கு அழுகிறார். விடிந்ததும் மறந்துவிடுகிறார். திரும்பவும் சொல்ல வேண்டும். எனக்குத்தான் அது பழைய செய்தி. அவருக்கு ஒவ்வொரு தடவையும் அது முதல் தடவை."

அந்த அம்மா ஆங்கிலத்தில் சொன்னதை நான் சூசையண்ணனுக்குத் தமிழில் சொன்னேன்.

ஓடுகிற எஞ்சினை ஓடாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. அது எங்கள் தொழிலின் பத்தினித்தனம். அதையும் சொன்னேன். அப்போது சூசையண்ணன் சொன்னார்:

"பொய் ஒண்டும் சொல்ல வேண்டாம். எங்கட ஆக்களுக்குச் செய்யிற மாதிரிச் செய்வம்."

எங்கள் ஆட்களுக்குச் செய்வது என்னவென்று வெளியூர்ப் பிள்ளைகளுக்குத் தெரியாது. வள்ளம் கரையில் கிடக்கும், எஞ்சின் வீட்டில் இருக்கும். ஒவ்வொரு நாளும் விடியற்காலையில் கூட்டாளிகள் வீட்டுக்கு வந்து, எஞ்சினைத் தடியில் கட்டித் தோளில் தூக்கிக்கொண்டு கரைக்குப் போவார்கள். ஒரு மனிதருக்குக் கண் மங்கி, கை நடுங்கி, இனி அவருடன் கடலுக்குப் போவது ஆபத்து என்று வந்துவிட்டால், அதை யாரும் அவர் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். ஒரு காலையில் எஞ்சின் தூக்க ஆள் வராது. அவ்வளவுதான். அவர் விளங்கிக்கொள்வார். சொன்னால் முகம் முறியும், சொல்லாமல் விட்டால் மரியாதை என்று எங்கள் கரையில் ஒரு நினைப்பு.

என் அப்பாவுக்கும் அப்படித்தான் நடந்தது. நான் காலியில் இருந்தேன். இங்கே என் அண்ணனும் மற்றவர்களும் வேறு எஞ்சினோடு போய்விட்டார்கள். அப்பா எனக்குப் போன் எடுத்தார். "கடல் சரியில்லையோ மகன்? ஒருத்தரையும் காணேல்லை" என்றார். என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. அவருடைய குரல் மட்டும் இன்னும் இருக்கிறது.

ஆக, நாங்கள் பெரியவருடைய எஞ்சினில் கை வைத்தோம். அந்த அம்மா சம்மதித்தார். டீசல் பம்பைக் கழற்றி, பட்டறையில் வைத்துச் சோதிக்க வேண்டும் என்று சொல்லி எடுத்து வந்தேன். எந்தப் பம்பையும் சோதிக்கலாம், அதனால் அது பொய் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பம்பு என் வீட்டு அலுமாரிக்குள் போனது. எஞ்சின் இல்லை, இனி இவர் எங்கே போகப்போகிறார் என்று நிம்மதியாகப் படுத்தோம்.

இதில் பிழை எங்கே என்று உங்களில் யாருக்காவது பிடிபட்டதா? நானும் சூசையண்ணனும் எஞ்சின் வள்ளத்தில் வளர்ந்த ஆட்கள். எஞ்சின் கழன்றால் கடல் முடிந்தது என்பது எங்கள் இரத்தத்தில் ஊறிய கணக்கு. அந்த மனிதர் எஞ்சின் இல்லாத காலத்திலிருந்தே பாய் விரித்து உலகத்தைச் சுற்றியவர். படகின் நடுவில் இவ்வளவு பெரிய பாய்மரம் நிமிர்ந்து நிற்கிறது, அது எங்கள் கண்ணுக்குத் தெரியவே இல்லை. மீனவன்தான் இந்தப் பிழையை விடுவான். வேறு எவனும் விடமாட்டான்.

அடுத்த நாட்களில் பெரியவர் விடிந்ததும் துவைத்த சேட்டைப் பொத்தான் பூட்டிப் போட்டுக்கொண்டு, ஆயுதப் பெட்டியைத் திறந்து வைத்து, கரையைப் பார்த்தபடி இருக்கிறார் என்று சூசையண்ணன் போனில் சொன்னார். எனக்கும் தனக்குமாக இரண்டு குவளை எடுத்து வைக்கிறாராம். கூட்டாளிகள் வராத காலையில் அப்பாவும் சேட்டைப் போட்டுக்கொண்டு எஞ்சினுக்குப் பக்கத்தில் கதிரையில் இருந்தார் என்று அம்மா ஒருமுறை சொல்லியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பம்பைப் பையில் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளை எடுத்தேன். எது நடந்தாலும் நடக்கட்டும், பூட்டிக் கொடுத்துவிட்டு உண்மையைச் சொல்லிவிடுவது என்ற முடிவுடன்தான் போனேன்.

ஞாயிறு எங்கள் கரையில் ஒருவரும் கடலுக்குப் போவதில்லை. ஊரே தேவாலயத்துக்குப் பூசைக்குப் போயிருந்தது. பெரியவர் படகில் இருக்க, சூசையண்ணனின் மனைவி அந்த அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய், தலைக்கு ஒரு வெள்ளை முக்காடும் கொடுத்து, தன் பக்கத்தில் இருத்தியிருந்தார். நானும் பின்வரிசையில் நின்றேன். பூசை முடிந்து வெளியே வந்தபோது, அந்த அம்மாதான் முதலில் கடலைப் பார்த்தார். பாய்மரத்தைக் காணவில்லை.

கிழக்கிலிருந்து கொண்டல் காற்று எழும்பியிருந்தது. மேற்கே வெகுதூரத்தில் ஒரு வெள்ளைப் பாய் தெரிந்தது. அந்தப் பக்கம் மணல்தீடைகள். இந்தியக் கரை நோக்கி வரிசையாகத் தண்ணீருக்குள் கிடக்கும் மணல் மேடுகள். எங்கள் வள்ளம் அவற்றின் மேலால் போய்விடும். ஆழமான அடிப்பாகம் உள்ள அந்தப் படகு தட்டினால் சரிந்துவிடும், தனியே நிற்கும் கிழவரைக் கடல் எடுத்துவிடும்.

நேவிக்கு ஒருவர் அறிவித்தார். அவர்களுடைய படகு தூரத்தில் நின்றது. எங்களுடைய எஞ்சின்கள் எல்லாம் வீடுகளில். பூசை உடுப்புடனேயே ஆட்கள் ஓடினார்கள். சூசையண்ணன் வீட்டு எஞ்சினை எத்தனை பேர் தூக்கினார்கள் என்று தெரியாது. சின்ன எஞ்சின்தான், ஆனாலும் ஆளுக்கு ஆள் தோள் கொடுத்தார்கள். என் அப்பாவுக்கு வராத ஆட்கள் எல்லாம் அன்றைக்கு அந்த வெள்ளைக்காரருக்காக வந்தது போல எனக்குப் பட்டது.

வள்ளத்தில் நாங்கள் மூன்று பேர்: சூசையண்ணன், அந்த அம்மா, நான். கிட்டப் போனதும் ஒரு விசயம் என்னை அடித்துப்போட்டது. இத்தனை நாளும் அந்தப் படகின் வயிற்றைத்தான் நான் பார்த்திருந்தேன், அது ஓடுவதைப் பார்த்ததில்லை. பாய் ஒரு பக்கமாக விரிந்து, சத்தமே இல்லாமல், தண்ணீரைக் கிழிக்காமல் விலக்கிக்கொண்டு போனது. சுக்கான் பிடித்திருந்த மனிதரின் கையில் ஒரு தடுமாற்றம் இல்லை. மறதி தலைக்குத்தான் வந்திருந்தது, கைக்கு வரவில்லை. மெக்கானிக் ஒருவனுக்கு இதைவிட அவமானம் கிடையாது, இதைவிட அழகும் கிடையாது.

சூசையண்ணன் கயிற்றை எறிந்து கட்டி இழுப்போம் என்றார். அந்த அம்மா பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பெரியவர் திரும்பிப் பார்த்து, உதட்டில் விரலை வைத்தார்.

"மெதுவாகப் பேசுங்கள். என் மனைவி கீழே தூங்குகிறாள்."

அந்த அம்மா முக்காட்டைக் கழற்றினார். பெரியவர் அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, யாரோ ஒருவருக்குச் சிரிப்பது போல மரியாதையாகச் சிரித்தார். சூசையண்ணனுக்கு ஆங்கிலம் தெரியாது, ஆனால் அந்தச் சிரிப்பு விளங்கிவிட்டது. கயிற்றைக் கீழே போட்டார்.

நான் என்ன செய்வதென்று தெரியாமல் பையிலிருந்த பம்பை எடுத்துத் தூக்கிக் காட்டினேன். என்னை அவருக்கு நினைவிருந்தது. எஞ்சின்காரர் வந்துவிட்டார் என்று முகம் மலர்ந்து, சத்தம் போடாமல் ஏறு என்று சைகை காட்டினார். அந்த அம்மா என் காதில், அவருடன் கதைத்துக்கொண்டிரு, அது போதும் என்றார். நான் பின்பக்கமாக ஏறினேன். பம்பை அவர் மடியில் வைத்து, எதையோ விளக்கத் தொடங்கினேன். விரிந்த பாய் மறைத்த பக்கமாக வள்ளம் நகர்ந்தது. படகின் மேல்தட்டில் வெக்கைக்குத் திறந்து கிடந்த முன்மூடி வழியாக அந்த அம்மா உள்ளே இறங்கியதை நான் மட்டும் கண்டேன்.

கொஞ்ச நேரத்தில் கபின் கதவு திறந்தது. தலை கலைந்து, கடல் அங்கியை மாட்டிக்கொண்டு, கண்ணைக் கசக்கியபடி, கையில் ஒரு குவளையுடன் அந்த அம்மா மேலே வந்தார்.

பெரியவர் திரும்பினார். இப்போது அவருக்கு அந்த முகம் தெரிந்தது.

"இன்னும் கொஞ்சம் தூங்கியிருக்கலாமே" என்றார்.

"என் முறை வந்துவிட்டது. எப்படிப் போகிறது?"

முன்னால் தண்ணீர் நிறம் மாறிக்கொண்டிருந்தது. நீலம் போய் வெளிறத் தொடங்கிவிட்டது. வள்ளத்தில் நின்ற சூசையண்ணன் இரண்டு கையாலும் திருப்பு, திருப்பு என்று காட்டினார். சுக்கான் என் கைக்கு எட்டும் தூரம். பறித்துத் திருப்பியிருக்கலாம். பறித்தால் அவர் எழுந்து போராடியிருப்பார், பாய் மறுபக்கம் வீசி யாரையாவது அடித்திருக்கும். அதையெல்லாம் யோசித்து நிறுத்தினேன் என்று சொன்னால் பொய். அந்த அம்மாவின் கண்ணைப் பார்த்தேன், கை நகரவில்லை.

பெரியவர் ஒன்றும் அவசரப்படவில்லை. மேற்கு என்றார். காற்று பின்னால், நிதானமாக இருக்கிறது. கப்பல் ஒன்றும் இல்லை. எஞ்சின்காரர் வந்திருக்கிறார், பம்பு கிடைத்துவிட்டது. எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொல்லி முடித்துச் சுக்கானைக் கொடுத்தார். குவளையை வாங்கினார். அடுப்பு மூட்டி ஊற்ற அந்த அம்மாவுக்கு எங்கே நேரம்? அதில் இருந்தது வெறும் பச்சைத் தண்ணீர். பெரியவர் அதை ஊதி ஊதிக் குடித்தார். பிறகு கீழே போய்ப் படுத்தார்.

அவர் படுத்த பிறகுதான் அந்த அம்மா சுக்கானைத் தள்ளினார். அடியில் மணல் உரசிய சத்தம் என் உள்ளங்காலில் கேட்டது. படகு ஒருமுறை தயங்கி, பிறகு திரும்பியது.

நான் பம்பைக் கையில் எடுத்தேன். பூட்டினால் எஞ்சினில் சீக்கிரம் கரை போய்விடலாம். அந்த அம்மா வேண்டாம் என்று தலையசைத்தார். சத்தம் கேட்டால் எழும்பிவிடுவார். எதிர்க்காற்றில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக வெட்டி வெட்டி, பொழுது சாயும்போதுதான் கரையைப் பிடித்தோம். அவ்வளவு நேரமும் அந்த அம்மா அழுதுகொண்டே சுக்கான் பிடித்தார். சத்தமில்லாமல் அழுதார். நான் பம்பை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். என் தொழிலில் நான் செய்த நல்ல வேலைகளில் ஒன்று, அன்றைக்கு அந்தப் பம்பைப் பூட்டாமல் இருந்தது.

தம்பிமாரே, தங்கச்சிமாரே, எஞ்சின் திருத்துவதை உங்களுக்குப் புத்தகம் சொல்லித்தரும். நான் கேட்பது ஒன்றுதான். ஒரு ஆளிடமிருந்து கடலை வாங்க வேண்டிய நாள் உங்கள் கைக்கும் வரும். களவாக வாங்காதீர்கள். எங்கள் கரையின் மரியாதை பொல்லாத மரியாதை. என் அப்பா சாகும்வரை விடியற்காலையில் எழும்பிச் சேட்டைப் போட்டார். யாராவது ஒருவர் போய், "அப்பா, இனி எங்கட முறை, நீங்கள் படுங்கோ" என்று ஒரு தேத்தண்ணியைக் கையில் கொடுத்திருந்தால், அந்த மனிதர் படுத்திருப்பார்.

மகள் வந்தாள். படகை ஆட்கள் காலிக்குக் கொண்டுபோனார்கள். வான் வண்டியில் ஏறும்போது பெரியவர் என் கையைக் குலுக்கினார், ஆனால் நான் யாரென்று அவருக்குத் தெரியவில்லை. பின் இருக்கையில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, மனைவியிடம் சொன்னார்:

"என் முறை வந்ததும் எழுப்பு."

அந்த அம்மா, எழுப்புகிறேன் என்றார்.